கலங்கிய பீலித் தண்ணீருக்கு மண்ணும் கரியும் இறால் ஓடும்: ஒரு வீட்டு வடிகட்டித் தொகுதியின் மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் விவசாயக் கருவிகளும் பிளாஸ்ரிக் பொருட்களும் விற்கும் ஒரு கடையில், "இயற்கை முறை நீர் வடிகட்டி" என்ற அறிவிப்போடு ஒரு தொகுதி சில காலமாக விற்கப்படுகிறது. குழாய் பொருத்திய பெரிய வாளி, அதன் வாய்க்குள் அமரும் சுட்ட களிமண் குடம், குழாய்க்கு முன்னால் பூட்டும் சிரட்டைக்கரி உருளை ஆகியவற்றோடு இரண்டு சிறு பொதிகளும் அதில் உண்டு. ஒரு பொதியில் இருப்பது சாம்பல் நிற மண் தூள். அது பென்டனைட் என்ற களிமண். மற்றப் பொதியில் வெளிர்மஞ்சள் நிறச் செதில்கள். அவை இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்ற பல்சக்கரைட்டு, அதாவது சர்க்கரை அலகுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பொருள். இதே அமைப்பில் வேறு பெயர்களிலும் தொகுதிகள் கிடைப்பதால், பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பொருட்களைப் பற்றிப் பேசுவதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். மழைக்காலத்துப் பீலித் தண்ணீரை, அதாவது மலை ஊற்றிலிருந்து பீலி வழியே வந்து விழும் நீரை, நம்பியிருக்கும் வீட்டுக்கு இது கொடுத்த காசுக்குப் பெறுமதியான பொருள். மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே கிணறு வைத்திருப்பவர்கள் இதற்காகப் பணம் செலவிட வேண்டாம். இரண்டு முடிவுக்கும் காரணம் ஒன்றுதான். மண்ணும் கரியும் ஓடும் தத்தம் மேற்பரப்புக்கு ஒத்துவரும் பொருளை மட்டுமே பற்றிக்கொள்ளும். ஒத்துவராததை அப்படியே போகவிடும்.

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால், ஊற்றிலிருந்து பீலிக்கு வரும் நீர் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறிவிடுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பலர் அந்நீரைக் குடத்தில் இரவு முழுவதும் அசையாமல் வைத்து, விடிந்ததும் மேல்நீரை மட்டும் வார்த்து எடுப்பார்கள். மணலும் பருமனான மண்ணும் அடியில் தங்கிவிடும். நிறம் மட்டும் போகாது. எஞ்சி நிற்பவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒத்த, அதைவிடவும் சிறிய களித் துணிக்கைகள். அவற்றின் மேற்பரப்பில் மறையேற்றம், அதாவது எதிர்மின் ஏற்றம், இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சேர்ந்து பருத்துப் படிவதற்கு வழியில்லை. சுண்ணக்கல் நிலத்திலிருந்து வரும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இந்தத் தள்ளுகையைப் பெருமளவு தணித்துவிடும். நம் மலை நீரோ பெரும்பாலும் மென்னீர். சவர்க்காரம் தாராளமாக நுரைக்கிறது என்று நாம் மெச்சிக்கொள்ளும் அதே நீரில்தான் களி நாட்கணக்கில் மிதந்து கிடக்கிறது.

கைட்டோசானின் வேலை இங்கேதான் இருக்கிறது. இயற்கையில் செலுலோசுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கிடைக்கும் பல்சக்கரைட்டான கைற்றினை, 1811 இல் ஹென்றி பிராக்கனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் முதலில் காளான்களில் கண்டறிந்தார். இறால் ஓட்டை அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பையும், காரத்தில் இட்டுப் புரதத்தையும் நீக்கிய பின் மிஞ்சுவது கைற்றின். அதைச் செறிந்த காரத்தில் சூடாக்கி, சங்கிலியில் தொங்கும் அசற்றைல் கூட்டங்களைக் கழற்றினால் கைட்டோசான் கிடைக்கிறது. அதன் நீண்ட சங்கிலியில் வரிசையாக அமைன் கூட்டங்கள் அமைந்திருக்கின்றன. நீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் பெறுமானம் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 6.5 க்குக் கீழே இறங்கும்போது அவற்றில் பெரும்பகுதி நேரேற்றம், அதாவது நேர்மின் ஏற்றம், பெறுகிறது. தாவரங்களிலிருந்து கிடைக்கும் பல்சக்கரைட்டுகளில் பெரும்பாலானவை ஏற்றமற்றவை அல்லது மறையேற்றம் கொண்டவை. ஆகவே மறையேற்றம் பெற்ற களித் துணிக்கைகளை ஈர்த்து, ஒரே சங்கிலியில் பலவற்றைக் கோத்து, கண்ணுக்குத் தெரியும் திரள்களாக்கும் ஆற்றல் கைட்டோசானுக்குச் சிறப்பாக வாய்த்திருக்கிறது.

பொதியோடு வரும் துண்டுப்பிரசுரம் இந்த இடத்தில் வாங்குபவரைக் கைவிட்டுவிடுகிறது. தமிழில் இரண்டே வரிகள். அவையும் செதிலை நேரே வாளியில் தூவச் சொல்கின்றன. கைட்டோசான் வெறும் நீரில் கரையாது. அதை முதலில் வினாகிரி கலந்த சிறிதளவு நீரில் இட்டு, அவ்வப்போது கலக்கி, ஓர் இரவு ஊறவிட்டால்தான் பாகு பதத்துக்கு வரும். அந்தப் பாகில் சில துளிகளே ஒரு வாளி நீருக்குப் போதும். கணக்காகச் சொன்னால், லீற்றருக்குச் சில மில்லிகிராம் கைட்டோசான். துளிகளை விட்டு முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி வைத்தால், சிறிது நேரத்தில் கலங்கல் திரண்டு அடியில் இறங்குகிறது. மேலே நிற்கும் நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். குவளைக்குப் பின்னால் பிடித்த பத்திரிகையின் சிறிய எழுத்தும் தடையின்றி வாசிக்கும்படி இருந்தது. அளவைக் கூட்டினால் விளைவும் கூடும் என்று எண்ணி அள்ளி ஊற்றுவது பயன் தராது. கைட்டோசான் மிகுந்தால் ஒவ்வொரு துணிக்கையும் அதனால் முழுவதும் போர்த்தப்பட்டு நேரேற்றம் பெற்றுவிடும். பழைய தள்ளுகை மறுபடி தொடங்கி, நீர் மீண்டும் கலங்கலாகவே நிற்கும்.

தேத்தாங்கொட்டையை நினைவில் வைத்திருப்பவர்கள் "இதற்கு இறால் ஓடு எதற்கு?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மண்பானையின் உட்புறத்தில் அந்த விதையை உரைத்து நீரைத் தெளியவைக்கும் வழக்கத்துக்குப் பின்னாலும் பல்சக்கரைட்டுகளே இருக்கின்றன. விதையிலுள்ள கலக்ரோமன்னனும் கலக்ரனும் துணிக்கைகளை இணைத்துத் திரட்டுகின்றன. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் விதை விலையிலும் மலிவு. ஆனால் விதையின் பிற சேதனப் பொருட்களும் சேர்ந்து கரைவதால் அந்நீரை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். உரைக்கும் அளவும் ஒவ்வொரு கைக்கும் மாறும். கைட்டோசான் பாகில் துளியை எண்ணிவிடலாம் என்பது உண்மையான வசதி.

பென்டனைட் பொதியைப் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம். இம்மண்ணின் பெரும்பகுதி மொன்மொரிலோனைட் என்ற கனிமம்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் தடிப்புள்ள படைகள் அடுக்கடுக்காக அமைந்தது. அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் அமர்ந்திருப்பதால் படைகளுக்கு நிலையான மறையேற்றம் உண்டு. அதைச் சமன்செய்யப் படைகளுக்கிடையே சோடியமோ கல்சியமோ தங்கியிருக்கும். நீர் புகுந்து படைகள் விரியும்போது, ஒரு கிராம் மண்ணில் நூற்றுக்கணக்கான சதுர மீற்றர் பரப்பு திறந்துகொள்கிறது. நேரேற்றம் கொண்ட எதுவும் இந்தப் பரப்பில் விருப்போடு ஒட்டும். மருந்துக்கடையில் புண்ணுக்கு வாங்கும் ஊதா நிற ஜென்சியன் வயலட்டை நீரில் ஒரு துளி இட்டு, ஊறவைத்த பென்டனைட்டைச் சேர்த்துக் கலக்கிப் பாருங்கள். நிறம் முழுவதும் மண்ணோடு அடியில் இறங்கிவிடுவது கண்முன்னே நடக்கும். பரகுவாட் என்ற களைகொல்லி நஞ்சேறியவர்களுக்கு மருத்துவமனைகளில் புல்லர் மண் எனப்படும் களிமண்ணைக் கரைத்துப் புகட்டியதும் இதே காரணத்தால்தான். பரகுவாட் மூலக்கூறு இரட்டை நேரேற்றம் கொண்டது.

எனினும் பீலித் தண்ணீரில் நம்மை வருத்துவது பெரும்பாலும் மறையேற்றக் களிதான். அதற்கு மேல் இன்னொரு மறையேற்றக் களியைச் சேர்ப்பதால், அதுவும் மென்னீரில் சேர்ப்பதால், கலங்கல் கூடுகிறதேயொழியக் குறைவதில்லை. பென்டனைட்டுக்குப் பின் கைட்டோசானையும் இட்டால் இரண்டும் சேர்ந்து கனமான திரளாகி விரைவாக இறங்குவது உண்மை. இலேசாக மட்டும் கலங்கிய நீரில், திரள்வதற்குத் துணிக்கைகள் போதாத வேளையில், இந்த வழி உதவுகிறது. கடும் மழைநாளில் தேவையில்லை. இவ்வளவையும் வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. கடைக்காரரிடம் கேட்டபோது, "இரண்டையும் போடுங்க சேர், நல்லா வேலை செய்யும்" என்றார். அவருக்கும் எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

பென்டனைட் தன் தகுதியைக் காட்டியது வேறோரிடத்தில். புரதங்கள் ஒவ்வொன்றுக்கும் நேரேற்றமும் மறையேற்றமும் சமன்படும் ஒரு பிஎச் பெறுமானம் உண்டு. அதற்குக் கீழே அவை நேரேற்றம் கொள்ளும், மேலே மறையேற்றம் கொள்ளும். பழச்சாறும் வைனும் புளிப்பானவை என்பதால் அவற்றிலுள்ள பெரும்பாலான புரதங்கள் நேரேற்றத்தோடு இருக்கும். பென்டனைட் அவற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். வைன் தயாரிப்பாளர்கள் பிற்காலத்தில் கலங்கல் தோன்றாதிருக்க லீற்றருக்குக் கால் கிராம் முதல் ஒரு கிராம் வரை இம்மண்ணைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். பண்டாரவளைப் பக்கத்துப் பேரிக்காயைப் பிழிந்து வடித்த சாற்றில் இதைச் செய்து பார்த்தேன். மறுநாள் மேலே நின்ற சாறு பொன்னிறத்தில் தெளிந்திருந்தது. வாசனையில் ஒரு பங்கு மண்ணோடு போய்விட்டதையும் சொல்ல வேண்டும். உலர்ந்த தூளைச் சாற்றில் நேரே கொட்டினால் கட்டிபட்டு, கட்டியின் உட்புறம் நனையாமலே கிடக்கும். சுடுநீரில் சிறிது சிறிதாகத் தூவி, சில மணி நேரம் ஊறவிட்டு, கூழாக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

கைட்டோசான் புரதத்தைப் பிடிக்கும் விதம் இதற்கு நேரெதிர். பாலிலுள்ள கேசீனின் சமநிலைப் பிஎச் 4.6 அளவில் இருப்பதால், அதற்கு மேற்பட்ட நிலையில் அது மறையேற்றத்தோடு இருக்கும். ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி பாலைக் கலந்து கைட்டோசான் பாகை விட்டபோது, வெண்மை திரண்டு அடியில் இறங்கியது. அதே அளவு வினாகிரியை மட்டும் இட்ட இன்னொரு குவளை வெண்மையாகவே நின்றது. ஆகவே திரளவைத்தது புளிப்பு மட்டுமல்ல. உணவுத் தொழிற்சாலைகளின் கழிவுநீரிலிருந்து புரதத்தை மீட்கக் கைட்டோசானைப் பயன்படுத்துவது இந்தப் பண்பை வைத்துத்தான். மாட்டுப்பட்டி கழுவிய நீரும் பால் கேன் கழுவிய நீரும் ஓடைக்குள் போகும் தோட்டங்களில் இப்படி ஒரு தொட்டி அமைத்தால் ஓடையின் நாற்றமாவது குறையும். தொகுதியை விற்பவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அழகுக்கும் எடைக்குறைப்புக்கும் உகந்தது என்று பொதியின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பது வேடிக்கை.

சிரட்டைக்கரி உருளைதான் தொகுதியின் மிகத் தரமான பகுதி. சிரட்டையைக் காற்றின்றிச் சுட்டுக் கரியாக்கி, மிகுந்த வெப்பத்தில் நீராவி செலுத்திச் செயற்படுத்தினால், ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீற்றர் அளவுக்குப் பரப்புக் கொண்ட காபன் கிடைக்கிறது. இலங்கை இதை நீண்ட காலமாக உலகுக்கு ஏற்றுமதி செய்துவருகிறது. நம் சொந்த வீடுகளுக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. பால் கலக்காத தேநீரான சாயத்தண்ணியை ஆறவிட்டு உருளை வழியே மெதுவாக விட்டபோது நிறம் வெகுவாக வெளுத்து வந்தது. நகரக் குழாய் நீரின் குளோரின் மணமும் போனது. சிரட்டைக்கரியின் துளைகளில் பெரும்பகுதி இரண்டு நனோமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ளவை. மணம் தரும் சிறு மூலக்கூறுகளும் பல சேதனச் சேர்வைகளும் அவற்றுக்குள் போய்த் தங்கும். பெரிய புரத மூலக்கூறு வாசலிலேயே நின்றுவிடும். புரதத்துக்கு மண்ணும் ஓடும், மணத்துக்குக் கரி என்று வேலையைப் பிரித்திருப்பது இந்த வகையில் சரியான ஏற்பாடே. கரியைக் கடைசியில் வைத்திருப்பதும் சரி. கலங்கல் நீரை நேரே அதில் விட்டால் துளைகளின் வாயைக் களி அடைத்துவிடும்.

உருளை ஆறு மாதம் உழைக்கும் என்கிறார்கள். அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. காட்டோரத்து ஊற்று நீரில் இலைச்சருகு அழுகியதால் வரும் பழுப்புப் பொருட்கள் மிகுதியாக இருக்கும். அவை கரியின் பரப்பை விரைவில் நிரப்பிவிடும். மணம் திரும்பி வரத் தொடங்கினால் உருளையின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்ற கடைக்காரரின் ஆலோசனை பிழை. காபனை மீளச் செயற்படுத்த உலையில் பல நூறு பாகை வெப்பம் வேண்டும்; கந்தப்பளை வெயிலால் ஈரம் மட்டுமே காயும்.

இனி மரக்கறித் தோட்டக்காரர்களின் விடயம். நுவரெலியா, வெலிமடை, கந்தப்பளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் லீக்சும் கோவாவும் விளையும் சரிவுகளின் அடியிலுள்ள கிணறுகளுக்குப் பெரிய அச்சம் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது குறிப்பாக ஆபத்தானது. நைத்திரேற்று மறையேற்றம் கொண்ட சிறிய அயன். நீரில் முற்றாகக் கரைந்து நிற்பது. பென்டனைட் அதைத் தள்ளிவிடும். கரி பொருட்படுத்தாது. இவ்வளவு சிறிய அளவில் சேர்க்கும் கைட்டோசானும் அதை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். 2015 இல் தடைசெய்யப்பட்டு 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்ட கிளைபோசேற்று என்ற களைகொல்லியும் நீரில் எளிதில் கரைந்து மறையேற்றத்தோடு நிற்பது. சிரட்டைக்கரி அதைச் சரிவரப் பிடிப்பதில்லை. துண்டுப்பிரசுரமோ "உரம், கிருமிநாசினி அனைத்தையும் அகற்றும்" என்கிறது. நீர் பளிங்காகத் தெளிந்திருக்கும்; நைத்திரேற்று இருந்த அளவிலேயே இருக்கும். வாங்குமுன் நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது, அதற்குப் பிறகு செலவு செய்வதா என்று முடிவெடுப்பது, அவ்வூரவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே வழி.

களிமண் குடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரத்தூள் அல்லது உமி கலந்த களியைச் சுடும்போது அவை எரிந்து விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியே நீர் கசிகிறது. குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசரியேகோஸ் 1981 இல் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது இது. மணிக்கு ஓரிரு லீற்றர் கசிவதே நல்ல குடத்தின் அடையாளம். கடையில் நீர் ஊற்றிப் பார்த்து, குடுகுடுவென்று ஒழுகும் குடத்தைத் திருப்பிக் கொடுங்கள். எங்கோ வெடிப்பு இருக்கிறது. பற்றீரியாக்களில் பெரும்பகுதியை நல்ல குடம் தடுக்கும். மஞ்சட்காமாலை தரும் வைரசுகள் அவற்றைவிடப் பன்மடங்கு சிறியவை; அவற்றைத் தடுக்குமென்று நம்ப இடமில்லை. குளோரினை நீக்கிய கரிக்குள்ளேயே கிருமி பெருகவும் கூடும். எனவே இத்தொகுதி வீட்டுக்கு வந்த பிறகும் கொதித்தாறிய நீரைக் குடிக்கும் பழக்கத்தை விடக் கூடாது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்றாலும், தளதளவென்று கொதித்தால் கிருமிகளை அழிக்க அந்த வெப்பம் போதும். தெளிந்த நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் மண் படிவதில்லை, தேநீரில் மண்வாடை இல்லை. அன்றாட வாழ்வில் இந்தத் தொகுதியின் பயனை உணர்ந்தது அங்கேதான்.

பொதியில் அச்சிட்டிருக்க வேண்டிய, ஆனால் இல்லாத ஒரு செய்தி கைட்டோசானின் மூலம். மாலை போட்டிருப்பவர்களும் கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களும் மரக்கறி உணவு மட்டும் உண்பவர்களும் இறால் ஓட்டிலிருந்து வந்த பொருள் குடிநீரில் சேர்வதை விரும்பமாட்டார்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பூஞ்சணத்திலிருந்து எடுக்கும் கைட்டோசானும் உலகச் சந்தையில் உண்டு. கடையில் கேட்டேன், அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். அத்தகைய வீடுகளில் குடத்தையும் கரி உருளையையும் மட்டும் பயன்படுத்தி, தெளியவைப்பதற்குத் தேத்தாங்கொட்டையை நாடலாம்.

விலை இலேசானதல்ல. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகும், ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டும் தொகை இது. கடையின் சேவையில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை: வெடித்த குடத்தை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள், உருளையைத் தனியாகவும் விற்கிறார்கள், கேட்டால் பொதிகளைத் தவிர்த்து மீதியைக் குறைந்த விலைக்கும் தருகிறார்கள். பீலித் தண்ணீர்க்காரர்கள் குடம், உருளை, கைட்டோசான் ஆகிய மூன்றை மட்டும் கேட்டு வாங்கலாம். பழச்சாறும் வைனும் செய்யும் ஆசை இருந்தால் பென்டனைட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். வாளியின் அடியில் சேரும் மண் திரளை ரோசாச் செடிக்கும் வேலியோரத்துக்கும் போடுவதில் தீங்கில்லை. தேய்ந்த கரியை மட்டும் கீரைப் பாத்தியில் கொட்ட வேண்டாம். அது பிடித்துவைத்த சேர்வைகள் இன்னும் அதற்குள்ளேயே இருக்கின்றன.